குமரைக் கரைசேர்க்கக் கரையை விற்பதா?



சித்திரை கழிந்து அறுகம்பேயில் அலை எழத் தொடங்கியதும் இலங்கையின் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. வந்திறங்கும் வெளிநாட்டுப் பெண்கள் என்ன உடுத்திருக்கிறார்கள் என்பதே அந்தப் பேச்சு. குத்பாவில் அது, தேநீர்க்கடையில் அது, முகநூலில் அதைவிட அதிகமாக அது. ஐப்பசியில் அலை அடங்கும்போது பேச்சும் அடங்கிவிடுகிறது. இடைப்பட்ட அந்த ஆறு மாதங்களில் கடற்கரையில் எத்தனை பேர்ச் காணி கைமாறியது, யாருடைய பெயரிலிருந்து யாருடைய பெயருக்கு மாறியது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஆடையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது நம் கருத்தன்று. பள்ளிவாசல் வீதியிலும் பாடசாலை வாசலிலும் ஒழுங்கு வேண்டும் என்று ஓர் ஊர் கேட்பது அதன் உரிமை. ஆனால் ஒழுங்கை விதிக்கக்கூடியவர் காணியின் சொந்தக்காரர். விடுதிச் சுவரில் அறிவிப்பு ஒட்டுவதும், மது விற்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பதும், இரவு எத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவது என்று சொல்வதும் அவர் கையில்தான் உள்ளன. காணியை விற்று முடித்தவருக்கு மிஞ்சுவது முறைப்பாடு மட்டுமே. கிழக்கின் சுற்றுலாத்துறை எதிர்நோக்கும் சவால்களில் எல்லாவற்றுக்கும் மேலானது இதுவே என்று நாம் கருதுகிறோம்: கரை நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, நாமோ கரையில் நடப்பவரின் உடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொத்துவிலின் நிலையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவும் தமிழரும் சிங்களவரும் அயலவராகவும் வாழும் ஊர் அது. அதன் ஒரு பகுதியான உல்லையைத்தான் உலகம் அறுகம்பே என்று அழைக்கிறது. 1970களில் அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரத் தொடங்கிய இடம். தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் கிழக்குக் கடல் சீராக இருக்கும். மார்கழி மழை இறங்கும்போது நிலைமை தலைகீழாகும். பயணிகள் தெற்குக்குப் போய்விடுவர். ஆக, ஆறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டிய ஊர் இது. அதிவேகப் பாதை தெற்கே அம்பாந்தோட்டை வரை நீண்டது. கிழக்கின் புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து பொத்துவிலுக்கு இன்னும் 100 கிலோமீற்றர். நாட்டுக்கு வரும் பயணி கண்டியையும் எல்லையையும் காலியையும் பார்த்து முடித்துவிட்டு, நாள் மிஞ்சினால் கிழக்குக்கு வருகிறார். விளம்பரப் படங்களில் கிழக்கின் கடல் இருக்கும். வரவுசெலவுத் திட்டத்தில் கிழக்கின் வீதி இருக்காது.

அரசு செய்தவற்றை நாம் மறந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி எல்லாவற்றையும் வாரிச் சென்ற பின், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். தெற்கில் அது 100 மீற்றர். ஏன் அந்த வேறுபாடு என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தரப்படவில்லை. மீனவரின் குடிசை எழக்கூடாத மணலில், சேதமடைந்த உல்லாச விடுதிகள் மீண்டும் எழ வழி விடப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின் எல்லை தளர்ந்தது; ஆனால் அதற்குள் பலர் உள்ளே போய்விட்டனர். 2010 இல் அருகிலுள்ள பாணமையில் குடும்பங்கள் தங்கள் காணிகளிலிருந்து விரட்டப்பட்டு அங்கே படை முகாம்கள் வந்தன. அவர்களில் பெரும்பாலோர் சிங்களக் குடும்பங்கள் என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கரையின் பெறுமதி ஏறும்போது இனம் பார்த்து மட்டும் பறிப்பதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழ் பேசும் மக்களே பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில், அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பொத்துவில் முகுது மகா விகாரையைச் சுற்றிய காணிகளில் குடியிருந்தவர்கள் அந்த நாள்களில் உறங்கவில்லை.

ஒலுவிலைப் பாருங்கள். 2013 இல் பெருவிழாவோடு திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அது. வணிகக் கப்பல்கள் அதைத் தங்கள் துறைமுகமாக ஆக்கிக்கொள்ளவில்லை. மணல் அதன் வாயை அடைத்தது. அலைதடுப்புச் சுவர்கள் மணலின் இயற்கையான ஓட்டத்தை மறித்ததால், வடக்கே தென்னந்தோட்டங்களும் தோணி இழுத்து வைத்த கரையும் கடலுக்குள் போயின. கரைவலை இழுத்தவர்களுக்கு வலை இழுக்கக் கரையே இல்லாமற் போயிற்று. ‘அபிவிருத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் கிழக்கின் மீனவர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது ஒலுவிலைக் கண்டவர்க்குப் புரியும்.

இவை அனைத்தும் உண்மை. இவற்றைப் பேசும் மேடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் படையினர் எடுத்த காணியையும் கடல் எடுத்த காணியையும் எண்ணுகிறவர்கள், நாமே கையொப்பமிட்டுக் கொடுத்த காணியை ஏன் எண்ணுவதில்லை?

கடற்கரைக் காணியை விற்கும் ஒரு தகப்பனிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவர் நோய் என்பார், இன்னொருவர் கடன் என்பார். ஆனால் மீண்டும் மீண்டும் காதில் விழும் விடை ஒன்றே: “வீட்டில் குமர் இருக்கிறது.” கிழக்கிலங்கை முஸ்லிம் சமூகத்தில் மணமகன் மணமகளின் வீட்டுக்கே வருகிறார், அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பவர் மணமகளின் தந்தை. மகள் ஒருத்திக்கு ஒரு வீடு. மூன்று மகள்களுக்கு மூன்று வீடு. பழைய காலத்தில் இதில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுக்க மாட்டோம். பெண்ணின் பெயரில் வீடும் வளவும் இருந்தன. கணவனின் முகம் மாறினாலும் அவள் தெருவில் நிற்கவில்லை. ஆனால் கிடுகு வேய்ந்த அந்த வீடு இன்று மேல்மாடி, மாபிள் தரை, மதிற்சுவர், நகை, ரொக்கம் என்று வளர்ந்து நிற்கிறது. உப்புக் காற்று வீசும் கடற்கரை வளவு மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டாம். ஊருக்குள்ளே பிரதான வீதிக்கு அருகே வேண்டும். எனவே தகப்பன் என்ன செய்கிறார்? பாட்டனார் தோணி இழுத்த கரைக் காணியை விற்று, ஊருக்குள்ளே ஐந்தோ பத்தோ பேர்ச்சில் வீடு எழுப்புகிறார். வீடு எழுந்ததும் ஊர் வந்து உண்டுவிட்டுப் போகிறது. கரைக் காணியில் மறு ஆண்டே ஒரு விடுதி எழுகிறது. அந்த மாப்பிள்ளையே அதன் வாசலில் முச்சக்கர வண்டியோடு காத்து நிற்கிறார்.

மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் ஆண் என்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். கைக்கூலி என்ற பெயரில் மணமகன் தரப்புக்குக் கொடுக்கப்படும் பணம் நம் விவாகப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டு வந்தது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அதைக் காதியாரிடம் வழக்கிட்டுத் திரும்பப் பெறக்கூடிய ஒன்றாகவே ஏற்றிருக்கிறது. ஒரு வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றினால் சட்டமே அதற்கு இடம் வைக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் ஓர் அந்நியப் பெண்ணின் உடைக்காக ஒரு வெள்ளிக்கிழமை முழுவதையும் செலவழிக்கும் மிம்பர், தன் முன்னே அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து, “அந்த வீட்டை ஏன் கேட்டீர்கள்?” என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்கிறதா? கேட்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். ஆனால் கேட்டவருக்கு அடுத்த நிக்காஹ்வுக்கு அழைப்பு வருவதில்லை என்பதையும் அவர்களே சொல்லக் கேட்கிறோம்.

காணி யாரிடம் போகிறது என்பது அடுத்த கேள்வி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கோ, பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள நிறுவனத்துக்கோ இலங்கையில் பொதுவாகக் காணியை உரிமை மாற்ற முடியாது; 99 ஆண்டு வரை குத்தகை கொடுக்கலாம். சட்டத்தில் வாசல் சாத்தியிருக்கிறது, யன்னல் திறந்திருக்கிறது. காகிதத்தில் 51 பங்கு உள்ளூர் ஒருவருக்கு, 49 பங்கு வெளிநாட்டவருக்கு. அந்த 51 பங்குக்குச் சொந்தக்காரர் எனப்படுபவர் யார்? பல வேளைகளில் நம் ஊர்ப் பிள்ளைதான். மாதச் சம்பளத்துக்குப் பெயரை வாடகைக்கு விட்டவர். விடுதியின் கணக்கை அவர் பார்த்ததில்லை. வரிப் பிரச்சினை வந்தால் மட்டும் கடிதம் அவர் வீட்டுக்கு வரும். பெயரைக் கொடுப்பது சாட்சியம் அளிப்பது போன்றது. தனக்குச் சொந்தமில்லாததைத் தனது என்று எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியமா இல்லையா என்று நம் ஃபத்வாக் குழுக்கள் ஒரு முறை கூடிப் பேசலாம். பிறை பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

தொழில் விடயத்திலும் இதே இரட்டை நிலை. பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காத்தான்குடி இளைஞர்கள் தோஹாவிலும் துபாயிலும் விடுதிகளில் தட்டேந்துகிறார்கள், அறைகளைக் கூட்டுகிறார்கள், வாகனம் ஓட்டுகிறார்கள். அந்த விடுதிகளில் பலவற்றில் மது இருக்கிறது. அவர்கள் அனுப்பும் பணத்தில் ஊரில் பள்ளிவாசல் மினாரா உயர்கிறது. அதே இளைஞர் தன் ஊர்க் கரையில் ஒரு விடுதியில் வரவேற்பாளராகச் சேர்ந்தால் வீட்டார் வெட்கப்படுகிறார்கள், பெண் கேட்டுப் போக முடியாது என்கிறார்கள். பாலைவனத்தில் ஹலாலாகும் தொழில் உல்லையில் எப்படி ஹராமாகிறது? மதுவோடு தொடர்புள்ள வேலையைத் தவிர்க்க வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் தவிர்க்கட்டும். மதுவே இல்லாத விடுதியைத் தன் காணியில் நடத்த வழி இருப்பதோ இங்கேதான்.

அப்படி ஒரு வழி நடைமுறையில் உண்டா என்று கேட்பவர்கள் மாலைதீவைப் பார்க்கட்டும். 1972 இல் அங்கே சுற்றுலா தொடங்கியபோது பயணிகள் ஆளில்லாத் தீவுகளில் ஒதுக்கப்பட்டார்கள். இலாபம் பெரும் முதலாளிகளுக்குப் போயிற்று. மக்கள் வாழும் தீவுகள் வேடிக்கை பார்த்தன. 2009 ஐ ஒட்டிய காலத்தில் விதி மாறி, குடியிருப்புத் தீவுகளிலும் சாதாரணக் குடும்பங்கள் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்றாயிற்று. மாஃபுஷி போன்ற தீவுகள் எழுந்தன. அங்கே மது விற்பனை இல்லை. நீச்சலுடைக்கு வேலியிட்ட தனிக் கடற்கரை உண்டு. ஊருக்குள் வரும்போது உடலை மறைத்து வர வேண்டும் என்று பலகை சொல்கிறது. பயணி பலகையைப் படித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான். 2024 இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சிறிய நாட்டுக்குப் போனார்கள். பலகையைக் கண்டு எவரும் திரும்பி ஓடவில்லை. குறை இல்லாமல் இல்லை. தீவுக்கு அருகே கடலில் நங்கூரமிட்ட படகுகளில் மதுச்சாலை நடக்கிறது. குப்பையும் நெரிசலும் பெருகிவிட்டன. ஆயினும் விதி போடும் இடத்தில் ஊர் இருக்கிறது. நம் பொத்துவில் களப்பிலும் இதன் சிறிய வடிவம் உண்டு: மீனவர்கள் தம் தோணியிலேயே பயணிகளை ஏற்றிக் கண்டல் காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். இயந்திரச் சத்தம் இல்லை. தோணி அவர்களுடையது, களப்பின் வழி அவர்கள் அறிந்தது, வருவாயும் அவர்களுக்கே. இப்படி இன்னும் இருபது முயற்சிகள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

வந்தவர் எவராயினும் அவர் பயணி. ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்த மார்க்கம் நம்முடையது. பயணத்தின் சிரமத்தை உணர்ந்து தொழுகையையே சுருக்கித் தந்த மார்க்கம். அனுமதி பெற்று ஒரு நாட்டுக்குள் வந்தவர் பாதுகாப்பு வாக்குறுதி பெற்றவர். அவரைத் தீண்டுவது வாக்குறுதியை முறிப்பது. 2019 உயிர்த்த ஞாயிறன்று நம் பெயர் தாங்கிய கொடியவர்கள் 250 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றபோது இந்தச் சட்டத்தைத்தான் முதலில் கொன்றார்கள். 2018 மே மாதத்தில் 129,466 பயணிகள் வந்த நாட்டுக்கு 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர். கிழக்கில் அது பருவம் தொடங்கும் மாதம். வெறுமையான அறைகளுக்கு வங்கி வட்டி கட்டியவர்களில் நம்மவரும் உண்டு. ஊருக்கு ஊர் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றவர்கள் முழுவதும் நம்மவர்.

2024 அக்டோபர் 23 இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போக வேண்டாமென்று தன் குடிமக்களை எச்சரித்ததும் அந்தப் பழைய அச்சம் திரும்பி வந்தது. இஸ்ரேலியப் பயணிகளைக் குறிவைத்த தாக்குதல் திட்டம் பற்றிய செய்தி அது. அவர்களை வெளியேறச் சொன்னது அவர்களின் அரசு. ஒரே வாரத்தில் வீதியெங்கும் பொலிஸாரும் படையினரும். காஸாவில் நடப்பதைக் கண்டு கொதிக்காத நெஞ்சு நம்மிடையே இல்லை. அங்கே போரிட்ட படைவீரர்கள் இங்கே ஓய்வெடுக்க வருவதை அரசு ஏன் அனுமதிக்கிறது என்று கேட்பது நியாயம். கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். சுற்றுலா விசாவில் வந்து கடை நடத்துபவர், அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புபவர் எந்த நாட்டவராயினும் சட்டப்படி தடுக்கப்பட வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் குடிவரவுத் திணைக்களமும் பிரதேச சபையும். ஆனால் கடற்கரையில் நடக்கும் ஒருவரை அவர் பிறந்த இனத்துக்காகவோ மதத்துக்காகவோ பகைப்பது அநியாயம். அதைத் தூண்டும் பதிவுகளைக் கைப்பேசியில் பகிர்பவர்கள், மறுநாள் கைதாகும் அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சட்டத்தரணி வைத்துக் கொடுப்பதில்லை. இன்னொன்றையும் கேட்கிறோம்: அந்த அனுமதியற்ற கடைகளுக்கும் கூடங்களுக்கும் கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தவர்கள் எவர்? வாடகையை வாங்கிக்கொண்டு ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்களை ஊர் அறியும்.

வெளிநாட்டவரைப் பற்றியே பேசிவிட்டோம். நம் சொந்தக் குடும்பங்களும் பயணிகள்தாம். பெருநாள் விடுமுறையில் அக்குறணையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வேன் நிறையக் குடும்பங்கள் கிழக்குக்கு வருகின்றன. பெண்கள் வுழூச் செய்ய ஒரு மறைவிடம், தொழ ஓர் அறை, குழந்தைக்கு உடை மாற்ற ஓர் இடம் என்று தேடித் தேடிப் பெட்ரோல் நிலையத்தில் போய் நிற்கின்றன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரிலேயே இந்நிலை! சில விடுதிகள் உள்நாட்டவரை வாசலோடு திருப்பியனுப்புகின்றன என்ற முறைப்பாடும் ஓயவில்லை. 2024 பெப்ரவரியில் தென்கரையின் உணவட்டுனையில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்து அறிவிக்கப்பட்டு, நாடே கொதித்தபின் கைவிடப்பட்டது. அன்று கோபப்பட்ட நாம், நம் ஊரில் நம் வீட்டுப் பெண்கள் மரியாதையாகத் தங்கக்கூடிய பத்து அறைகளையாவது ஏற்படுத்தியிருக்கிறோமா? ஆண்டின் பாதியில் வெறுமையாகக் கிடக்கும் ஊருக்கு உள்நாட்டுக் குடும்பங்களே மறுபாதிப் பருவம். நவம்பரில் அலைச்சறுக்கு வீரர் வரமாட்டார். ஆனால் பாடசாலை விடுமுறைக்குக் குடும்பம் வரும். கடல் கொந்தளித்தால் களப்பு இருக்கிறது, குமண இருக்கிறது, லகுகலையின் யானைகள் இருக்கின்றன. வருகிற குடும்பங்களுக்கும் ஒரு சொல்: புரியாணிப் பொதியின் பிளாஸ்டிக்கை மணலில் புதைத்துவிட்டுப் போகாதீர்கள். பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த சமூகம், விட்டுச் செல்வதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

பருவம் முடிந்து மழை இறங்கும்போதுதான் காணித் தரகர்கள் வருவார்கள். கையில் பணம் தீர்ந்திருக்கும். கல்யாணப் பேச்சும் அந்த மாதங்களில்தான் நடக்கும். ஆகவே நம் கோரிக்கைகளுக்கும் அந்த மாதங்களே தவணை. பொத்துவிலிலும் உல்லையிலும் ஒவ்வொரு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் தன் மஹல்லாவின் கரையோரக் காணிகளுக்கு ஒரு பதிவேடு திறக்கட்டும்: உறுதிக் காணி எது, அனுமதிப்பத்திரக் காணி எது, குத்தகைக்குப் போனது எது, எத்தனை ஆண்டுக்கு. விற்க வந்தவரை விரட்ட வேண்டாம். விற்காமல் குத்தகைக்கு விடவும், அயலவர் இருவர் மூவர் கூட்டாகச் சேர்ந்து நான்கு அறை கட்டவும் வழி சொல்லட்டும். ஸக்காத் நிதியையும் கூட்டு முதலையும் கல்வி வகுப்புகளுக்குத் திரட்டிய சமூகத்துக்கு இது முடியாததன்று. மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்ட நிக்காஹ்வில் ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையொப்பம் இட மறுக்கட்டும். ஒரு பருவம், ஒரே ஒரு பருவம் மறுத்துப் பார்க்கட்டும். அடுத்த சித்திரைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் தரகர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்பதை, கதவின் உள்ளே இருக்கும் தாய்மார் பள்ளிவாசலுக்கு முதலில் தெரிவிக்கட்டும்.